ஆல்பமார்ல் தெருவும் ஆயிரங்கால் மண்டபமும்

தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக் கலையைப் பற்றி யார் எழுதினாலும், எங்காவது ஒரு பத்தியில் ஜேம்ஸ் பெர்குசன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கட்டடக் கலை வரலாற்றாளர் தலைகாட்டுவார். பெரும்பாலும் திட்டு வாங்குவதற்காக. ஸ்ரீரங்கத்தைப் பற்றி அவர் எழுதியது அப்படிப்பட்டது. பிழையான வடிவமைப்பு முறையால் மிகவும் கெட்டுப்போன கோயில் அதுதானாம். அந்த முறையைத் தலைகீழாகத் திருப்ப முடிந்தால் தென்னிந்தியாவின் மிகச் சிறந்த கோயில்களில் ஒன்றாக இருந்திருக்குமாம். உள்ளே போகப் போகக் கட்டடம் உயர்ந்துகொண்டே போக வேண்டாமா, இங்கே கோபுரங்கள் குட்டையாகிக்கொண்டே போகின்றனவே என்பது அவருடைய குறை. இதைப் படித்துக் கோபப்பட்டவர்கள் நிறைய, பதில் எழுதியவர்களும் நிறைய.

அந்தச் சண்டையில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. புத்தக வடிவமைப்பு என் பிழைப்பு. பழைய புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் தலைப்புப் பக்கத்தின் அடிப்பகுதிக்குத்தான் போகும். 1876இல் வந்த ‘இந்திய, கீழைநாட்டுக் கட்டடக் கலை வரலாறு’ நூலில் அந்த இடத்தில் இருப்பது: லண்டன், ஜான் மர்ரே, ஆல்பமார்ல் தெரு. ஏறத்தாழ 400 படங்கள். விலை 42 ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டுக்கு மேல். திராவிடக் கட்டடப் பாணி என்ற பேச்சை உலகம் முழுக்கக் கொண்டுபோன புத்தகம் இது. இத்தனை படங்களோடு இதை யார் துணிந்து போட்டார், என்ன கணக்கில் போட்டார், அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் விஷயத்தை எங்கெல்லாம் வளைத்தது என்பதுதான் என்னை இழுக்கிற கேள்வி. பெர்குசனின் ரசனையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவருடைய பதிப்பாளரைப் பற்றிப் பேசியதே இல்லை.

இரண்டு பேரும் 1808இல் பிறந்தவர்கள். பெர்குசன் ஜனவரியில், ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்தில், ராணுவ மருத்துவர் ஒருவரின் மகனாக. மூன்றாம் ஜான் மர்ரே ஏப்ரலில். பெர்குசன் கல்வி முடித்ததும் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, குடும்பத்துக்குத் தொடர்புள்ள ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். அப்புறம் சொந்தமாக அவுரித் தொழில். ஏறத்தாழ பத்து வருடத்தில் வேலைக்குப் போகாமல் வாழும் அளவுக்குச் சம்பாதித்துவிட்டார். வங்காளத்து அவுரி விவசாயிகள் 1859இல் கலகம் செய்தபோது அவர் அந்தத் தொழிலை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் அவருடைய ஆராய்ச்சிக்கு முதல் போட்டது அவுரிதான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பல்கலைக்கழகச் சம்பளமோ அரசு உதவியோ இல்லாத மனிதர் அவர்.

1830களில் இந்தியா முழுக்கச் சுற்றினார். கையில் கேமரா லூசிடா. அது புகைப்படக் கருவி அல்ல. ஒரு கம்பியின் நுனியில் சிறு பட்டகம் இருக்கும். அதை வரைபலகையின் ஓரத்தில் பொருத்தி, பட்டகத்தின் விளிம்பில் ஒரு கண்ணை வைத்துக் கீழே பார்த்தால் எதிரில் உள்ள கட்டடம் தாளின்மேல் விழுந்திருப்பதுபோல் தெரியும். பென்சிலால் அதன் வழியே கோடு இழுத்துக்கொண்டே போகலாம். தலையைக் கொஞ்சம் அசைத்தால் கட்டடம் நகர்ந்துவிடும். வெயிலில் நின்று இப்படி மூட்டை மூட்டையாகப் படம் சேர்த்துக்கொண்டு அவர் லண்டன் திரும்பினார். பிறகு வீடு லாங்கம் பிளேஸில். கடைசிவரை அங்கேதான்.

மர்ரே குடும்பத்தின் கதை வேறு மாதிரி. முதல் ஜான் மர்ரே 1768இல் கடை திறந்தார். இரண்டாம் ஜான் மர்ரே கவிஞர் பைரனின் பதிப்பாளர். 1812இல் நிறுவனத்தை ஆல்பமார்ல் தெருவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பைரனின் நினைவுக் குறிப்புகளை அந்த வீட்டுக் கணப்பிலேயே எரித்ததும் அவர் காலத்தில்தான், 1824இல். நம்முடைய மூன்றாம் மர்ரேக்கு இவ்வளவு நாடகம் கிடையாது. அவர் காசு பார்த்தது பயணக் கையேடுகளில். 1836இல் தொடங்கி, ஐரோப்பாவில் பயணம் போகிற ஆங்கிலேயர் கையிலெல்லாம் மர்ரேயின் சிவப்பு அட்டைக் கையேடு இருந்தது. டார்வினும் லிவிங்ஸ்டனும், அசீரியாவின் (இன்றைய வட ஈராக்) பழைய நகரங்களைத் தோண்டிய லேயார்டும் அவர் ஆசிரியர்கள்.

லாங்கம் பிளேஸிலிருந்து ரீஜன்ட் தெரு வழியாக இறங்கி நடந்தால் ஆல்பமார்ல் தெரு இருபது நிமிடம். ஆனாலும் விக்டோரியா காலத்து லண்டனில் எல்லாம் எழுத்தில்தான். 1840க்குப் பிறகு ஒரு பென்னி தபால்தலை போதும். நகரத்துக்குள் ஒரே நாளில் பல தடவை பட்டுவாடா நடக்கும். காலையில் போட்ட கடிதத்துக்கு மாலைக்குள் பதில் வந்துவிடும். அதனால் இன்று நாம் தொலைபேசியில் பேசி முடித்துவிடுகிற சில்லறை விஷயமெல்லாம் அன்று தாளில் தங்கிவிட்டது. மர்ரே குடும்பம் எதையும் தூக்கிப்போடவில்லை. ஒன்றரை லட்சம் உருப்படிகள் கொண்ட அந்த ஆவணத்தை 2006இல் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் 3.12 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இப்போது எடின்பரோவில் இருக்கிறது.

அங்கே போகிறவர்கள் பைரனைத் தேடித்தான் போவார்கள், நியாயம்தான். எனக்குப் பிடித்தது வேறு ரகக் கடிதம். தலைப்பில் எந்தச் சொல் இருக்கலாம், விலை எவ்வளவு, புரூஃபில் திருத்தம் ஏறிப்போனால் செலவு யார் தலையில் என்ற ரகம். டார்வின் மர்ரேக்கு எழுதியவை அச்சாகியிருப்பதால் அவற்றில் இதை நன்றாகப் பார்க்கலாம். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் தலைப்பில் ‘சுருக்கம்’ என்று போட டார்வின் விரும்பினார், மர்ரே கூடாதென்றார். கூடாது என்பதுதான் நின்றது. சுருக்கம் என்று அட்டையில் போட்டால் எவன் வாங்குவான்? புரூஃபில் டார்வின் செய்த திருத்தங்களுக்கு மட்டும் 72 பவுண்டு செலவானது. லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருக்கு என்பது பேச்சு. கைப்பிரதியைப் படித்துப் பார்த்த மர்ரேயின் ஆலோசகர் விட்வெல் எல்வின் சொன்ன யோசனை இன்னும் அருமை: இதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாக்களைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் எழுதச் சொல்லுங்கள், புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எல்வினின் குரல் புதிதல்ல. கலை விமர்சகர் ரஸ்கின் தன் முதல் பெரிய நூலை 1843இல் வெளியிடத் தேடியபோது அவருடைய அப்பா முதலில் தட்டியதும் ஆல்பமார்ல் தெருக் கதவைத்தான். ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, ஜெர்மன் ஓவியர்களைப் பற்றி எழுதினால் போகும் என்று பதில் வந்தது. புத்தகம் வேறு வீட்டுக்குப் போய்ப் பேர் வாங்கியது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் பெர்குசன் எப்படி நுழைந்தார்? அவருக்கு அதற்கு முன்னால் மூன்று பெரிய புத்தகங்கள் உண்டு. 1845இல் குடைவரைகளைப் பற்றி. அது ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரையிலிருந்து வந்தது. அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க ராபர்ட் கில்லைக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியதற்கு அந்தக் கட்டுரை எழுப்பிய பேச்சும் ஒரு காரணம். 1847-48இல் இந்தியக் கட்டடங்களின் பெரிய படத் தொகுப்பு, கல்லச்சில். 1849இல் கலையின் அழகு விதிகளைப் பற்றிய தத்துவ நூல். அதில் ‘முதல் பாகம்’ என்று போட்டிருக்கும். இரண்டாவது பாகம் வரவே இல்லை. மூன்றும் மூன்று வேறு வெளியீட்டாளர்களிடம் வந்தவை.

திருப்பம் வந்தது இந்தியா வழியாக அல்ல, அசீரியா வழியாக. லேயார்டின் நினிவே புத்தகம் 1849இல் மர்ரேக்குப் பெரிய வசூல், ஒரே வருடத்தில் 8,000 பிரதிகள். தோண்டியெடுத்த அரண்மனைகள் நிற்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று கட்டடக் கண்ணோடு சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1851இல் பெர்குசனின் நினிவே, பெர்சிபோலிஸ் நூல் மர்ரேயிடமிருந்து வந்தது. அப்புறம் அந்த உறவு சாகும்வரை போனது.

1855இல் வந்ததுதான் முக்கியமான புத்தகம். இரண்டு தொகுதி, 850 படங்கள், விலை 36 ஷில்லிங். பெயர் ‘படங்களுடன் கட்டடக் கலைக் கையேடு’. கையேடு என்பது மர்ரே வீட்டு வியாபார முத்திரை. அந்தப் பெயரோடு வந்தால் என்ன கிடைக்கும் என்று வாசகனுக்குத் தெரியும்: எல்லா ஊரும் இருக்கும், சுருக்கமாக இருக்கும், நேரில் போய்ப் பார்க்கும்போது உதவும். தத்துவம் எழுதி விற்காமல் போன மனிதரை உலகத்தின் எல்லாக் கட்டடங்களையும் வரிசையாகச் சொல்கிற ஆளாக மாற்றியது அந்தப் பெயர். மலிவுப் பதிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 36 ஷில்லிங் லண்டனில் ஒரு தேர்ந்த கொத்தனாரின் ஒரு வாரக் கூலியைத் தாண்டும். ஆனால் 850 படத்துக்கு அது சல்லிசு.

எப்படி முடிந்தது? இங்கே கொஞ்சம் அச்சுத் தொழில் பேச வேண்டும்.

கல்லச்சோ, செம்புத் தகடோ, எஃகுத் தகடோ, படம் அழகாக வரும். ஆனால் அதற்கு வேறு இயந்திரம், வேறு தாள். அச்சான படத்தைத் தனி இலையாகத்தான் புத்தகத்தில் சேர்த்துத் தைக்க முடியும். நூறு படத்துக்கே விலை எகிறிவிடும். மர பிளாக் அப்படியல்ல. பாக்ஸ்வுட் என்ற இறுகிய மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டு முகத்தை இழைத்து, அதில் நுண்ணிய உளியால் செதுக்குவார்கள். வெள்ளையாக வர வேண்டிய இடமெல்லாம் குடைந்து எடுக்கப்படும், கறுப்புக் கோடு மேட்டில் நிற்கும். பிளாக்கின் உயரமும் அச்செழுத்தின் உயரமும் ஒன்று. எனவே எழுத்தோடு எழுத்தாக அதே ஃபாரத்தில் (அச்சுச் சட்டத்தில்) பூட்டி ஒரே ஓட்டத்தில் அடித்துவிடலாம். படம் அதைப் பற்றிய வரிக்குப் பக்கத்திலேயே உட்காரும். நம் ஊர் லெட்டர்பிரஸ் அச்சகங்களில் பிளாக் கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இன்னொரு வசதி, பிளாக் பதிப்பாளரின் அலமாரியில் இருக்கும். செதுக்கக் கொடுத்த காசு ஒரு தடவைதான். 1855க்குச் செதுக்கியது 1865-67இல் வந்த ‘எல்லா நாட்டுக் கட்டடக் கலை வரலாறு’ நூலுக்கும் ஆகும், 1876க்கும் ஆகும். பெர்குசன் கருத்தை மாற்றிக்கொண்டு பத்தியைத் திருத்தி எழுதலாம், அச்சுக் கோப்பவர் புதிதாகக் கோத்துவிடுவார். படம் மாற வேண்டுமானால் மறுபடி செதுக்குக் கூலி. அதனால் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சொற்கள் நகர்ந்த அளவுக்குப் படங்கள் நகரவில்லை. ஒரு தலைமுறை முழுக்கத் தென்னிந்தியக் கோயில் என்றால் அந்த பிளாக்குகளில் தெரிந்ததுதான்.

மர பிளாக்குக்கு ஒரு குணம் உண்டு. தரைப்படம் அதில் பிரமாதமாக வரும்: கனத்த கறுப்பில் சுவர், புள்ளி புள்ளியாகத் தூண். ஆனால் நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்கள் அடுக்கிய கோபுரத்தை உள்ளங்கை அகலத்துக்குள் செதுக்கினால் என்ன ஆகும்? துவாரபாலகரும் யாளியும் பூதகணமும் சேர்ந்து வெறும் சொரசொரப்பாக ஆகிவிடும். பெர்குசன் புத்தகத்தில் கோபுரப் படங்களைப் பார்த்தால் உருவக் கோடு தெரியும், எத்தனை நிலை என்று எண்ணலாம், எந்தப் பொம்மையும் முகத்தோடு தெரியாது. தரைப்படமும் உருவக் கோடும் மட்டுமே நன்றாகத் தெரிகிற புத்தகத்தில், அந்த இரண்டை வைத்தே கோயிலுக்கு மதிப்பெண் விழுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் அளவுகோல். பெர்குசனின் உண்மையான பலம் அதுதான் என்பேன். எல்லாக் கட்டடத்தின் தரைப்படத்தையும் முடிந்தவரை ஒரே அளவில் போட வேண்டும் என்று முடிவு செய்தார், 100 அடிக்கு ஓர் அங்குலம். முகப்பும் வெட்டுத்தோற்றமும் 50 அடிக்கு ஓர் அங்குலம். அதனால் வாசகர் ஒரு எகிப்தியக் கோயிலையும் ஒரு பிரெஞ்சுத் தேவாலயத்தையும் ஒரு இந்திய மண்டபத்தையும் பக்கம் புரட்டியே ஒப்பிடலாம்.  ராமேசுவரத்துப் பிராகாரத்தைப் பற்றிச் சொல்லும்போது 700 அடிக்குக் குறுக்கீடில்லாமல் ஓடுகிறது, எங்கள் இங்கிலாந்துத் தேவாலயம் எதுவும் 500 அடியைத் தாண்டாது, ரோமின் புனித பீட்டரே 600தான் என்று அவரால் எழுத முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான். நடைகளின் மொத்த நீளம் கிட்டத்தட்ட 4,000 அடி என்றும் கணக்குச் சொல்கிறார். ராமேசுவரத்தை இவ்வளவு வியந்து எழுதிய ஐரோப்பியர் அதற்கு முன்னால் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

இப்போது அந்த அளவுகோலை நம் கோயில்கள்மீது வைத்துப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று சுமார் 790 அடிக்கு 400 அடி. 100க்கு ஒன்று என்று போட்டால் எட்டு அங்குலத்துக்கு நான்கு. பெர்குசன் புத்தகத்தின் பக்கத்தில் நெடுக்காகக் கச்சிதமாக உட்காரும். ஸ்ரீரங்கத்தின் வெளிச்சுற்று 2,500 அடிக்கு மேல், 3,000 அடியை நெருங்கும். அதே அளவில் 25 அங்குலத்துக்கு 30 அங்குலம். மடிப்புத் தாள் போட்டு ஒட்டினால்தான் உண்டு. தஞ்சையைப் பற்றி அவர் என்ன சொன்னார்? தெளிவான, கம்பீரமான ஒரே திட்டத்தில் தொடங்கி, முடியும்வரை அதிலிருந்து விலகாத கோயில் என்று மெச்சினார். ஸ்ரீரங்கத்தைப் பற்றிச் சொன்னதை மேலே பார்த்துவிட்டோம்.

பக்கத்தில் அடங்கிய கோயில் நல்ல கோயில், அடங்காதது கெட்ட கோயில் என்று சொன்னால் அது வம்பு. பெர்குசன் கிரேக்கப் பார்த்தினான் கோயிலிலும் கோதிக் தேவாலயத்திலும் பழகிய கண்ணோடு வந்தவர். இந்தியக் கோயில்கள் பலவற்றுக்கு அளவு விதியையும் தளர்த்திக்கொண்டார். ஆனாலும் ‘எல்லா நாடும்’ என்று பெயர் வைத்து, ஒரே அளவில், ஒரே கறுப்புக் கோட்டில், நாட்டுக்கு இத்தனை பக்கம் என்று ஒதுக்கிப் போடுகிற புத்தகத்தில் ஸ்ரீரங்கத்துக்கு நியாயம் கிடைக்காது. அது கட்டடம் அல்ல, ஊர். ஏழு சுற்றில் வெளிச்சுற்றுகளில் குடியிருப்பு இருக்கிறது, கடைவீதி இருக்கிறது, தேர் ஓடுகிறது. கோபுரம் ஊர் வளர வளர வெளியே உயர்ந்தது. மூலவரை நோக்கி நடக்கிறவனுக்கு எல்லாம் சிறிதாகி, இருட்டாகி, நெருங்கி வருவது குறையாகத் தெரியாது. நுழைவாயிலிலிருந்து பலிபீடம்வரை உயர்ந்துகொண்டே போகிற கட்டடத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும்.

சரி, எண்ணிப் பார்ப்பதில் அவரை மிஞ்ச முடியாது. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். முகப்பில் 24 தூண், உள்நோக்கி 41 வரிசை. அப்படியானால் 984 இருக்க வேண்டும். நடுவே வெளி விடுவதற்காக முன்மண்டபத்தில் 4, பிறகு 28, பிறகு 2, பிறகு 20 தூண்களை விட்டுவிட்டார்கள். விட்டது 54. மீதி 930. சிதம்பரத்துக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் இதைச் சரிபார்த்திருப்போம்? ஆயிரங்கால் என்றால் ஆயிரம் என்று எடுத்துக்கொள்வோம், போய்க்கொண்டே இருப்போம். கருங்கல்லில் இத்தனை தூணை வெட்டிய உழைப்பை நினைத்து மலைத்துவிட்டு, இதையெல்லாம் இப்படி நெருக்கமாக நட்டு வைப்பானேன் என்று அடுத்த மூச்சில் அலுத்துக்கொள்வது பெர்குசன் பாணி. இந்த மெச்சலும் சலிப்பும் கலந்த தொனி புத்தகம் முழுக்க இருக்கிறது.

அவரைத் திட்டுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு கட்டியதெல்லாம் காப்பி என்பது அவர் கட்சி. அதற்காகவே 1862இல் ‘நவீன பாணிகள்’ என்று தனி நூல் போட்டு முக்கால்வாசிக் கட்டடங்களை வறுத்தெடுத்தார். கட்டடக் கலை உயிரோடு இருக்கிற இடம் இந்தியா, பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேலை நடந்த முறையில் அங்கே இன்னும் நடக்கிறது, போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று லண்டன் கட்டடக் கலைஞர்களிடம் சொன்னார். அந்தக் கலைஞர்களின் சங்கம்தான் 1871இல் அவருக்குத் தங்கப் பதக்கமும் கொடுத்தது.

இந்தியப் பகுதி புத்தகத்துக்குள் இடம் மாறிக்கொண்டே வந்ததும் ஒரு பதிப்பாளர் கதை. 1855 கையேட்டில் வரிசை ஊர்ப்படி, இந்தியாதான் முதலில். 1860களில் அது ‘வரலாறு’ என்று மாறியபோது எகிப்து முன்னால் வந்து இந்தியா பின்னால் போனது. 1870களில் மறுபதிப்பு வந்தபோது இந்தியப் பகுதி வீங்கிப்போய்த் தனித் தொகுதியாகப் பிரிந்தது. அது மொத்த வரலாற்றின் மூன்றாம் தொகுதி, அதே சமயம் தனியாக வாங்கக்கூடிய நூலும்கூட. முழு செட் வாங்குகிறவருக்கும் விற்கலாம், சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலேறப் போகிற அதிகாரிக்கும் விற்கலாம். நானாக இருந்தாலும் அப்படித்தான் பிரித்திருப்பேன்.

வீங்கியதற்குக் காரணம் புகைப்படம். கேமரா லூசிடாவோடு அலைந்த காலம் போய், 1850களில் லினியஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சையிலும் மதுரையிலும் படமெடுத்திருந்தார். 1860களின் இறுதியில் கேப்டன் லயன் தெற்கே பல கோயில்களை எடுத்தார். அந்தத் தொகுப்புக்கான குறிப்புகளைப் பதிப்பித்தவர் பெர்குசனே. லாங்கம் பிளேஸ் வீட்டில் ஆயிரக்கணக்கில் இந்தியப் புகைப்படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படம் நேரில் பார்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று 1876 முன்னுரையில் எழுதினார். ஆனால் அந்தப் புகைப்படத்தை அப்படியே எழுத்தோடு சேர்த்து அச்சிடும் வழி அப்போது இல்லை. மறுபடி செதுக்குநர் கைக்குத்தான் போக வேண்டும். லயனின் தட்டில் இருந்த அத்தனை நுணுக்கமும் உளி நுனியில் கோடாக மாறித்தான் வாசகரிடம் வந்தது.

இந்த இடத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் தப்பு. ராம் ராஸ். 1790 வாக்கில் பிறந்தவர், சென்னையில் கோட்டைக் கல்லூரியோடு தொடர்புள்ளவர், பின்னர் பெங்களூரில் நீதிபதி. ரிச்சர்ட் கிளார்க் என்ற சென்னை அதிகாரிக்குக் கடிதம் கடிதமாக எழுதி, மானசாரம் முதலான சிற்ப நூல்களின் சுவடிகளைத் தேடிப் பிடித்து, தஞ்சைப் பக்கத்துச் சிற்பி ஒருவரின் துணையோடு அவற்றுக்குப் பொருள் கண்டு, ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ‘இந்துக்களின் கட்டடக் கலை பற்றிய கட்டுரை’, 48 படத் தகடுகளோடு 1834இல் லண்டனில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்காக வந்தது. அதற்குள் ராம் ராஸ் இறந்துவிட்டார். புரூஃப் பார்க்கவோ, படத் தகட்டில் ஒரு கோடு கோணலாக இருக்கிறது என்று சண்டை போடவோ அவருக்கு வாய்ப்பே இல்லை. அவர் வரைந்த தரைப்படங்களை பெர்குசன் பெயர் சொல்லி எடுத்தாண்டார். அவர் விளக்கிய சிற்ப நூல் விதிகளை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. கட்டடமே சாட்சி, ஏடு தேவையில்லை என்பது பெர்குசன் கொள்கை. ஒருவருக்குச் சுவடி தெரியும், சிற்பியைத் தெரியும். இன்னொருவருக்கு மர்ரேயைத் தெரியும். யார் புத்தகம் பதிப்புமேல் பதிப்பு கண்டது என்று சொல்லத் தேவையில்லை.

மர்ரேயும் பெர்குசன் எழுதிய எல்லாவற்றிலும் காசு பார்த்திருக்க முடியாது. ஜெருசலேமில் உள்ள பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியத் தலம்தான் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய உண்மையான, இயேசுவின் திருக்கல்லறைத் தேவாலயம் என்று பெர்குசன் கடைசிவரை வாதாடினார், கேட்க ஆளில்லாமல். ஸ்டோன்ஹெஞ்ச் ரோமானியருக்குப் பிந்தியது என்றார். கோட்டை கொத்தளம் கட்டும் முறையில் ராணுவத்தோடு மல்லுக்கு நின்றார். இவற்றில் பலவற்றுக்கும் ஆல்பமார்ல் தெரு முத்திரை விழுந்தது. விற்கிற ஒரு வரலாற்றைக் கையில் வைத்திருக்கிற ஆசிரியரின் பிடிவாதங்களுக்கு இடம் கொடுப்பது பழைய பதிப்பாளர்களின் கணக்கு. அவர் எழுதியதிலேயே எனக்குக் கசப்பான நூல், 1884இல் வங்காள அறிஞர் ராஜேந்திரலால் மித்ராவைத் தாக்கி எழுதியது. இந்தியர்களுக்கு ஆராய்ச்சியில் தீர்ப்புச் சொல்லும் தகுதி உண்டா என்று இல்பர்ட் மசோதாச் சூட்டில் (ஐரோப்பியரை இந்திய நீதிபதிகள் விசாரிக்கலாமா என்ற சண்டை அது) இழுத்துப் பேசிய புத்தகம். அதன் தலைப்புப் பக்கத்தில் மர்ரே பெயர் இல்லை, ட்ரூப்னர் என்ற வேறு பதிப்பாளர் பெயர் இருக்கிறது.

1886 ஜனவரியில் பெர்குசன் இறந்தார். அதே வருடக் கடைசியில் ஹுல்ட்ஷ் சென்னை மாகாணத்துக் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். இந்த இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலைப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குத் தள்ளியிருந்தது பெர்குசனின் 1876 பதிப்பு. சுவரில் ராஜராஜன் தானே வெட்டி வைத்த கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்து அச்சிட்டபோது அந்தக் கணக்கு முந்நூறு வருடம் தவறிப்போனது தெரிந்தது. கட்டடமே சாட்சி என்றவருக்கு அந்தக் கட்டடத்தின் எழுத்து சாட்சியாகவில்லை.

1892இல் மூன்றாம் மர்ரேயும் போய்ச் சேர்ந்தார். நிறுவனம் பெர்குசனை விடவில்லை. 1910இல் அதே ஆல்பமார்ல் தெருவிலிருந்து இரண்டு தொகுதியாகத் திருத்திய பதிப்பு வந்தது. இந்தியப் பகுதியை ஜேம்ஸ் பர்ஜெஸும் கீழைநாட்டுப் பகுதியை ஃபெனே ஸ்பியர்ஸும் திருத்தினார்கள். பர்ஜெஸ் தஞ்சைக்குரிய காலத்தை மாற்றினார், புதிய விவரங்களைச் சேர்த்தார். பெர்குசன் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டார். பழைய மர பிளாக் படங்கள் பலவும் அப்படியே திரும்ப வந்தன. நம் நூலகங்களில் அதிகம் கிடைப்பதும், டெல்லியில் மறுஅச்சானதும் இந்தப் பதிப்புதான்.

இரண்டு பதிப்புமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரமிருந்தால் இரண்டிலும் திராவிடப் பாணி அத்தியாயத்தைத் திறந்து, தஞ்சையிலிருந்து ராமேசுவரம்வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது பெர்குசன் சொன்னது, எது பர்ஜெஸ் நுழைத்தது, எது பிளாக்குக் கூலியை மிச்சம் பிடிக்க விட்டு வைத்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஸ்ரீரங்கத்துப் பத்தியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள், வெறும் வயிற்றில் படித்தால் கோபம் அதிகமாக வருகிறது.